சின்னவள் தூங்குகிறாள்

அகுரேய்ரியில் அன்று நல்ல பனி. ஸால்வோர், அந்தக் குளிர்தேசத்துத் தாய்மார்கள் வழக்கப்படி, குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வெளியே தூங்க விட்டுவிட்டுக் காபிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"பேரை என்கிட்ட மட்டுமாவது சொல்லேன்டி," என்றாள் காபி கொண்டுவந்த தோழி பிர்னா.

"ஞானஸ்நானத்தன்னிக்குக் காதைத் தீட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் அவ வெறும் பாப்பாதான்."

ஊர் வழக்கம் அது. இல்வா என்று வைக்கப்போவது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் பிறந்த மூத்தவளுக்கு ஞானஸ்நானம் வரைக்கும் ஆயுசு இல்லை. கல்லறையில் 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. அவளுக்கு நினைத்து வைத்திருந்த சுன்னிவா என்ற பெயரை ஸால்வோர் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

தெருவில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஆள் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"வெளிய நிக்கற வண்டி யாரோடது? சுன்னிவா முழிச்சுக்கிட்டா."

"என்னோடதுதான்," என்றாள் ஸால்வோர்.

"அழல. சும்மாதான் பாத்துட்டிருக்கா. சின்னவ நல்லாத் தூங்குறா." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"சுன்னிவாவா? அந்தாளுக்குச் சொல்லுவ, எனக்குச் சொல்ல மாட்ட," என்றாள் பிர்னா. "நல்ல பேருதான்டி."

ஸால்வோர் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு வெளியே போனாள். வண்டியில் இல்வா தூங்கிக்கொண்டிருந்தாள். பிடரியில் விரல் வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. குழந்தையை மெல்ல ஒரு ஓரமாக நகர்த்தினாள். காலியான பக்கத்திலும் கம்பளியை இழுத்துவிட்டு, குளிர் புகாமல் செருகினாள்.