சயாம் போய் வந்தவர்

ரமணி ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் செருப்புமாக பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

இதை விட்டால் அடுத்தது மதியம்தான். மதியம் வரை இருந்தால் மனசு மாறிவிடும்.

பின்னால் இன்னொருத்தி ஓடி வரும் சத்தம். திரும்பாமலே தெரிந்தது. மாமியார் இராஜம்மா.

பஸ் நின்றது. ரமணி ஏறி உட்கார்ந்தாள். இனி அந்த வாசலை மிதிப்பதாக இல்லை.

காலையில்தான் அவள் அப்பா சேது தன் ஊரான அசாம் ஜாவாவிலிருந்து வந்திருந்தார். மகளுக்குப் பிடிக்குமே என்று மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங் வரை போய், டின் நிறைய நண்டு வாங்கி வந்திருந்தார்.

மாமனார் ஐயாவு டின்னை முகர்ந்தார். சம்பந்தி வீட்டுக்குச் செத்து நாறினதைத்தான் கொண்டு வருவாயா என்று கேட்டு, முற்றத்தில் கொட்டினார்.

செத்த நண்டுகள் திசைக்கொன்றாக ஓடின.

சேது தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

புருஷன் உமாபதி வழக்கமான பாட்டைப் பாடினான். சயாமுக்குப் போய் வந்த மனுஷன், பொறுத்துக்கொள் என்றான்.

தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க அதே பாட்டுத்தான். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து ஆள் பிடித்துப் போய், பாதிப் பேர் திரும்பாத சயாம். சண்டை முடிந்து ஐயாவு குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, சயாம் போன வீடு என்ற பேச்சு அவர்களுக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தது.

நாற்பது வருஷமாக ஐயாவுக்குக் கோயில் விருந்தில் முதல் இலை. வேலை வாங்கும் மண்டோரையே மாடு என்று திட்டினாலும் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பட்ட மனுஷன், வாய் அப்படித்தான் இருக்கும்.

இராஜம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். இழுத்துக்கொண்டு இறங்கப் போகிறாள் என்று ரமணி கம்பியை இறுகப் பிடித்தாள்.

மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்து, அசாம் ஜாவாவுக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள்.

சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டு, தன் கையால் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலையாம். மாமாவுக்குச் சாப்பாடு? ஓடின நண்டைப் பிடித்து அவரே ஆக்கிக்கொள்ளட்டும் என்றாள்.

ரமணிக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

"சயாமுல அவரு பட்டதுக்கு எங்கப்பா என்னா செய்வாரு அத்தை?"

இராஜம்மா முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள். பஸ் பெரிய சாலைக்குத் திரும்பியது. பிறகு அவள் காதோரம் குனிந்தாள்.

"ஊரு அவருன்னு நெனச்சுக்கிச்சு. பாவம், இருக்கட்டுமேன்னு நானும் விட்டுட்டேன். அவரு எங்கடி போனாரு? வீட்டுக்கு ஒரு ஆளுன்னு லோரி வந்து நின்னப்ப, மனுசன் பயந்து சதுப்புக் காட்டுக்குள்ள ஓடிட்டாரு. போனது நானு."