அளவுச் சாப்பாடு

துடைத்த விரல்களில் பச்சை ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் பார்த்தாள். மேசையில் விரித்திருந்தது இலை இல்லை. வாழை இலை போல வெட்டிய மொடமொடப்பான காகிதம். பழக்கத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்திருக்கிறாள்.

அவளைப் பெண் பார்க்க வந்திருந்த தினகரன் எதிரே உட்கார்ந்து சிரித்தான். கேலியாக இல்லை. அதனால் அவளும் சிரித்தாள்.

எங்கே வரட்டும் என்று தினகரன் வீட்டார் கேட்டபோது இந்த ஹோட்டலைச் சொன்னது அவள்தான். இந்த ஏற்பாட்டில் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

காகிதத்தில் நரம்புகள் வரைந்திருந்தார்கள். வலைபோல, பூவரச இலையில் ஓடுவதுபோல.

வாழைக்கு நரம்பு அப்படி ஓடாது. தாவரவியல் படித்தவள். சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

அவளுடைய பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் இங்கேதான் சாப்பிட்டார்கள். வேலை கிடைத்த அன்றும் இங்கேதான். போதும் என்று கையால் இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் சோறு விழும்.

இன்று சுவரில் ஒரு பலகை. அளவுச் சாப்பாடு.

சோற்றைக் கிண்ணத்தால் கவிழ்த்தார்கள். கூட்டு ஒரு கரண்டி. கரண்டியும் நிறையவில்லை. விலை மட்டும் வளர்ந்திருந்தது.

ரசம் கேட்டாள். பரிமாறுகிறவர் தாடையால் பலகையைக் காட்டிவிட்டுப் போனார்.

தினகரனின் அம்மா அவள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விதைப் பரிசோதனைக் கூடத்தில் எது முளைக்கும், எது முளைக்காது என்று பார்க்கிற வேலை. தரகர் முதலில் வந்தபோது, தாராளமாகப் போகட்டும் என்றார்கள். போன வாரம் போனில், குழந்தை பிறக்கும்வரை போகட்டும் என்றார்கள். இப்போது அப்பளத்தை நொறுக்கியபடி, நிச்சயத்துக்கு முன்னாலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார்.

சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

அவளுடைய அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே மேசைக்கடியில் அவள் காலை அழுத்தினாள்.

அவள் தினகரனைப் பார்த்தாள்.

அவன் நீர்த்த சாம்பாரைச் சோற்றோடு அளைந்துகொண்டிருந்தான்.

“இப்பல்லாம் எல்லா இடத்துலயும் இப்படித்தாங்க. நாமதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

சாம்பாரைச் சொன்னானா, வேலையைச் சொன்னானா.

பரிமாறுகிறவர் மறுபடி அந்தப் பக்கம் வந்தார்.

“அண்ணே. பலகையைப் படிச்சுட்டேன். ரசம் வேணும்.”

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

ரசம் வந்தது. மிளகு மிதக்கிற வெந்நீர்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். காகிதத்தை யாரும் மடிக்கவில்லை. அப்படியே விட்டு எழுந்தார்கள்.

அவள் எழவில்லை.

சின்ன வயதில் இதே ஹோட்டலில் இலையை எதிர்ப்பக்கமாக மடித்ததற்கு அம்மா கையில் அடித்திருக்கிறாள். நம் பக்கம் மடித்தால் உறவு வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பக்கம் மடித்தால் வேண்டாம் என்று.

அதன்பின் ஒரு முறையும் அவள் தவறியதில்லை.

தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்தாள். எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

காகிதம் நிமிர்ந்துகொண்டது.

தினகரனின் அம்மா நின்றுவிட்டார்.

மறுபடி மடித்தாள். அவளுடைய அம்மாவின் கை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது.

காகிதம் மறுபடி நிமிர்ந்தது.

மூன்றாவது முறை நகத்தால் அழுத்தி மடித்தாள். தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.