பலா மரத்தடி விருந்தாளி

"டீச்சர், இன்னொரு கட்டன்சாயா சொல்லட்டுமா?"

"அவிராச்சன் சேட்டா, இதோட நாலு ஆச்சு. இனியும் குடிச்சா நாங்க ரெண்டு பேரும் கபினி ஆத்துலதான் மிதக்கணும்" என்று ஆற்றோரக் கடையில் பால் சேர்க்காத டீக் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார் ஜயதேவன். அவர் மனைவி சுலோசனா டீச்சர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் போகலாமே" என்றார் மறுபடியும்.

அவிராச்சன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு எப்படிப் போவது? முற்றத்தில் யானை நிற்கிறது.

காலையில் இவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மனைவி திரேசியா ஃபோனில் சொல்லிவிட்டாள். ஊரார் ஒற்றைக்கொம்பன் என்று கூப்பிடும் அந்த யானை காப்பித் தோட்டத்திலிருந்து ஏறி வந்து, பலா மரத்தடியில் நின்று, சாவகாசமாகப் பழம் தின்றுகொண்டிருக்கிறதாம். "நான் சொல்ற வரைக்கும் அவங்களைக் கூட்டிட்டு வந்துடாதீங்க!"

மிளகுக்கொடி எல்லாம் வாடிப்போன வருஷம், மிச்சம் மீதியை வழித்தெடுத்து இரண்டு அறை கட்டி, வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியவர் அவிராச்சன். போன மாதம் முதன்முதலாக ஒரு குடும்பம் வந்தது. இதே யானை வராந்தா ஓரமாக வந்து ஒரு பிளிறு பிளிறியதும், அந்தக் குடும்பம் போட்டது போட்டபடி காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதற்கப்புறம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இப்போதுதான் இந்தத் திருச்சூர் தம்பதி. அதிலும் டீச்சர், தான் போகிற ஊர்களைப் பற்றி முகநூலில் எழுதுபவர். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள். அவர் தப்பாக ஒரு வரி எழுதினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஜீப்பில் ஏறும்போதே டீச்சர் கேட்டிருந்தார்: "சேட்டா, இங்க ஆனை வருமா?"

"கீவர்கீஸ் புண்ணியாளன் மேல சத்தியமா, ஆனை வாசனைகூட வராது டீச்சர்! நிம்மதியா இருங்க."

டீச்சர் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. பாவம், பயம் தெளிந்தது என்று அவிராச்சன் நினைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க ஊர் சுற்றல்தான். பத்தேரியில் சமணக் கோயில். புல்பள்ளிக் கடைத்தெருவில் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி. பெரிக்கல்லூர் கடவில் தோணி ஏறி, அக்கரை கர்நாடகத்தில் இறங்கி, ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு அதே தோணியில் திரும்பினார்கள். யாராவது பார்த்தால், வாழ்க்கையை ரசிக்கத் தெரிந்த மனிதர் இந்த அவிராச்சன் என்றுதான் சொல்வார்கள்.

"அதோ பாருங்க டீச்சர், மீன்கொத்தி!"

"பார்த்தோம்."

"அக்கரையில மான் கூட்டம்!"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஃபோன் அடித்தது. அவிராச்சன் ஜீப்புக்குப் பின்னால் ஓடினார்.

"எடீ, போச்சா?"

"எங்க போச்சு? வராந்தாத் தூண்ல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்குது. பக்கத்து வீட்டுச் சாக்கோ வெடி எடுத்துட்டு வர்றேன்னிருக்கார்."

"நீ வெளியே தலை காட்டாதே. தூண் போனாப் போகட்டும்."

"போகட்டுமா? வராந்தாவை நீங்களா கட்டினீங்க, கடன் வாங்கி நானில்ல கட்டினேன்! நீங்க அந்த அம்மாவைப் பாத்துக்குங்க, நான் இவனைப்..."

டமார் என்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். காட்டு யானைகளால் ஊரில் வாழை போயிருக்கிறது, வேலி போயிருக்கிறது, போன வருஷம் ஓர் ஆளே போயிருக்கிறார். ஹோம்ஸ்டேயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அவள் ஃபோனை எடுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"என்ன சேட்டா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் ஜயதேவன்.

"ஒண்ணுமில்லை சார், வாயு."

"நாலு கட்டன்சாயா குடிச்சா வராதா?"

மீண்டும் ஃபோன் அடித்தது. திரேசியாதான். "வெடிச் சத்தத்துல ஃபோனைக் கீழே போட்டுட்டேன். ஒரே ஓட்டமா காட்டுக்குள்ள போயிட்டான்! கொஞ்சம் மெதுவா வாங்க. முற்றத்தைக் கழுவணும், இன்னொரு வேலையும் பாக்கி இருக்கு."

அவிராச்சன் ஐந்தாவது சாயாவைத் தனக்காகவே வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் ஒரு கட்டி சாணிகூட இல்லை. ஜீப் நின்றதும் நிற்காததுமாக டீச்சர் இறங்கி ஓடினார். பலா மரத்தடியில் குனிந்து மண்ணைப் பார்த்தார். காப்பிச் செடிகளுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வராந்தாப் படியில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், பயப்பட ஒண்ணுமே..."

"பயமா? போன மாசம் இங்க வந்து தங்கினது என் தங்கச்சி குடும்பம் சேட்டா! ஒத்தக்கொம்பனைக் கண்ணுக்கு நேரா பார்த்தோம்னு வீடு வீடாப் போய்ப் பீத்திக்கிட்டிருக்கா. அவனைப் பார்க்கத்தான் நான் லீவு போட்டுட்டு வந்தேன். நீங்க என்னடான்னா வாசனைகூட வராதுங்கறீங்க. நாளைக்கே நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

அவிராச்சனுக்குத் தலை சுற்றியது. அடுத்த நொடியே முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"டீச்சர், மன்னிச்சுடுங்க, நான் சொன்னது பொய்! அவன் இன்னைக்குப் பூரா இங்கதான் நின்னான். நாளைக்கும் வருவான். அந்த மரத்துல பழம் இருக்கிற வரைக்கும் எங்க போனாலும் திரும்பி வந்துடுவான்!"

டீச்சர் துள்ளி எழுந்தார். அதே நேரம் திரேசியா அரிவாளும் கையுமாக, வாயெல்லாம் சிரிப்பாக, வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"பயப்படாதீங்க டீச்சர்! சாக்கோவை மரத்துல ஏத்தி, ஒரு பிஞ்சுகூட விடாம வெட்டி, லாரியில அனுப்பிட்டேன். இனி அடுத்த வருஷம் வரைக்கும் அவன் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான்!"