ஆளுநருக்கான குதிரைகள்

மகளின் தலைப்பிரசவத்துக்காக ஸ்டாக்ஹோமிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மாகாண ஆளுநர் அர்விட், குதிரை மாற்றும் சாவடியில் மேலங்கிப் பனியைக்கூடத் தட்டாமல் இறங்கினார்.

"சீக்கிரம் மாத்துப்பா. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல இருக்கணும்."

"நாலும் தயாரா நிக்குதுங்க ஐயா," என்றான் சாவடிக்காரன் மாட்ஸ். "ரெண்டு நாளா யாருக்கும் குடுக்கல. ஆளுநர் பயணத்துல இருந்தா குதிரை அவருக்கு மட்டும்தான்னு நீங்க போட்ட உத்தரவாச்சே."

அர்விட்டுக்குப் பெருமையாக இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பதவியேற்ற அன்றே அவர் போட்ட உத்தரவு அது.

"உள்ள யாரு அழறது?"

"பிரிட்டான்னு ஒரு மருத்துவச்சிங்க. நேத்து காலையில வந்து ஒரே ஒரு குதிரை குடுன்னு கெஞ்சுச்சு. நான் மசியல. நடந்தே போறேன்னு கிளம்பி, காடு வரைக்கும் போயிட்டு, பனி தாங்காம திரும்பிடுச்சு. அப்போ ஆரம்பிச்ச அழுகை."

"எந்த வீட்டுக்குப் போகணுமாம்?"

மாட்ஸ் சிரித்தான்.

"குதிரைக்காக எல்லாரும் சொல்ற பொய்தாங்க ஐயா. ஆளுநர் வீட்டுக்காம்."