எட்டு வானுக்கு என்ன விலை?

நிரோஷனின் வாகனம் கழுவும் கடை வாசலில், தூசி படிந்த வான் வண்டியிலிருந்து இறங்கினார் கூரியர் கம்பனி மனேஜர் ஸ்ரீலேகா.

“தம்பி, இப்பிடி எட்டு வான் இருக்கு. மாதாமாதம் கழுவ எவ்வளவு?”

“ஒரு வானுக்கு மூவாயிரம், மிஸ்.”

“விலை கூடத்தான். நானும் விரும்பி வரேல்லை. வெள்ளவத்தையிலை எங்கை நிப்பாட்டினாலும் ஆரோ தூசியிலை ‘என்னைக் களுவுங்கோ’ எண்டு எழுதிவிடுறாங்கள். முதலாளி கண்டிட்டு என்னைப் பேசிப்போட்டார்.”

“வேலையில்லாத பெடியள், மிஸ்.”

“எழுத்தும் பிழை. ‘ழ’ வாற இடத்திலை ‘ள’.”

“பள்ளிக்கூடம் போகாததுகள்!” என்று நிரோஷனும் சேர்ந்து திட்டினான். “சரி மிஸ், எட்டு வான் எண்டபடியால் உங்களுக்குக் குறைச்சுத் தாறன்.”

அவன் குனிந்து, வான் கதவிலிருந்த தூசியில் விறுவிறுவென்று விரலால் எழுதிக் காட்டினான்: ‘எட்டு வான் களுவ 20,000.’

ஸ்ரீலேகா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“பத்தாயிரம் தாறன்.”

“என்ன மிஸ், அரைவாசியா?”

“எழுதின ஆளே அழிக்கிறதுக்கு அது போதும், தம்பி.”