கடைசித் தட்டுப் பாண்

கொத்மலைப் பக்கம் நல்ல பாண் வேண்டுமென்றால் ஹவ்வா உம்மாவின் பேக்கரிக்குத்தான் போக வேண்டும். இன்றைக்கும் விறகு எரித்துப் பாண் சுடும் போறணைதான். பாணின் அடியை விரலால் தட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டே வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய பழைய பேக்கரி நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன்பு அணை கட்டித் தண்ணீர் ஏறிய அன்று, போறணைக்குள் வைத்த கடைசித் தட்டை எடுக்க மறந்துவிட்டு மேட்டுக்கு வந்தவர். அந்தப் பேச்சு வந்தாலே அவர் முகம் வாடிவிடும்.

இந்த வருடம் மழையே இல்லை. தண்ணீர் வற்றி, சேற்றுக்கு நடுவே அந்தப் போறணை தெரிந்தது. பேக்கரியில் மாவு பிசையும் நான்தான் காலையில் உம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.

"தொறங்க தம்பி" என்றார்.

இரும்புக் கதவு என் கையைச் சுட்டது. உள்ளே தட்டு நிறையப் பாண்கள், இளம்பொன் நிறத்தில், ஆவி பறக்க இருந்தன. உம்மா முந்தானையால் ஒன்றை எடுத்து, அடியைத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"இன்னம் வேகல்ல. நல்லவேளை, அன்னைக்கி எடுக்கல்ல."

பாணை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

மறுநாள் மழை பிடித்தது. தண்ணீர் போறணையை மூடிய பிறகும், அந்த இடத்தில் மட்டும் ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது.