நடுக்கம்

"அம்மா, என்னை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று அக்கா எச்சரித்ததை அவள் கேட்டேவிட்டாள்.

வழக்கம்போல் நடுங்கும் விரல்களால் தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "பட்டம் வாங்கினது பைத்தியம்னு பேர் வாங்கவாடி?"

"அவன் செத்து நாப்பது நாளாச்சு. நான் தூங்கியும்தான். எனக்கும் செத்துடலாம்னு தோணுதும்மா."

"காதலிச்சவன் போயிட்டா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். அந்த மாத்திரை வேண்டாம். வாய் காயும், கை நடுங்கும். புருஷனுக்குத் தெரியாம அரிசி டப்பாவில ஒளிச்சு வெச்சே ஆயுசு போயிடும்."

அவள் அம்மாவின் விரல்களையே பார்த்தாள்.

"நீ காதலிச்சவரு யாரும்மா?"

ஊசியிலிருந்து நூல் நழுவியது.

அவள் செருப்பை மாட்டினாள். "நீ ஒளிச்சு முழுங்கினதை நான் சொல்லிட்டே முழுங்குறேன்," என்று படியிறங்கி நடந்தாள்.